முள்ளியவளை வீட்டுக்கு அலாரம்: எதைப் பூட்டுவது?

முள்ளியவளையான்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேலை கொழும்பில். அப்பாவும் அம்மாவும் முள்ளியவளையில் தனியே இருக்கிறார்கள், இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. குசினியும் பின் விறாந்தையும் பிறகு நாங்கள் சேர்த்துக் கட்டியவை. அரை ஏக்கர் வளவு. முன்னுக்கு மதில், மற்ற மூன்று பக்கமும் கதியால் வேலி.

இந்த வருடம் வற்றாப்பளைப் பொங்கல் இரவு ஊரே கோயிலில் நின்றது. அந்த நேரம் பார்த்து, எங்களுக்கு இரண்டு வளவு தள்ளியிருக்கும் வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்கிவிட்டார்கள். கழுத்தில் கிடந்த தாலிக்கொடி மட்டும் தப்பியது. அன்றிலிருந்து அம்மா இரவில் இரண்டு மூன்று தரம் எழும்பிக் கதவை இழுத்துப் பார்க்கிறாராம்.

ஓர் அலாரம் பூட்டிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். கையில் 60,000 ரூபா வைத்திருக்கிறேன். ஒரு கடையில் விசாரித்தேன். அலாரம் என்று கேட்டால் எட்டுக் கமரா, பெரிய திரை, பதிவுப் பெட்டி என்று பட்டியல் வாசிக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

வயரிங் வாத்தியார்

ஒன்றல்ல தம்பி. கமரா நடந்ததைப் பதிந்து வைக்கும். அலாரம் நடக்கிற நேரத்தில் ஆளை எழுப்பும். கமராவில் இலாபம் கூட, அதனால் கடையில் கதை அந்தப் பக்கம்தான் போகும். நான் இருபது வருடமாக வவுனியா, ஓமந்தைப் பக்கம் வயரிங் வேலை செய்கிறேன். முகம் மூடிக்கொண்டு வந்தவனின் அருமையான படங்களைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அலாரத்தில் சாமான் அதிகம் இல்லை. நடுவில் ஒரு பெட்டி, அதற்குள் பற்றரி. கதவுக்கும் ஜன்னலுக்கும் காந்தச் சென்சர்: சட்டத்தில் ஒரு துண்டு, கதவில் ஒரு காந்தம், இரண்டும் விலகினால் பெட்டிக்குத் தகவல் போகும். அறைக்குள் ஆள் அசைவைப் பிடிக்கும் சென்சர். வெளியே சைரன். பெட்டியில் சிம் போட இடம் இருந்தால் நீங்கள் கொடுத்த எண்களுக்கு அதுவே அழைப்பு எடுக்கும். கமரா இல்லாவிட்டால் உங்கள் காசுக்குள் முடிக்கலாம்.

வாங்க முதல் ஒரு பதில் சொல்லுங்கள். சாமம் இரண்டு மணிக்குச் சைரன் அடித்தால் யார் வருவார்?

முள்ளியவளையான்

சித்தப்பா வீடு இருக்கிறது. 100 மீற்றர் வரும். நடுவில் எங்கள் கிணறும் இரண்டு பெரிய மாமரமும். மற்றப் பக்கத்து வளவுக்காரர் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது.

வயரிங் வாத்தியார்

அப்படியென்றால் கணக்கைப் பாருங்கள். சைரன் பெட்டியில் 110 டெசிபெல் என்று அச்சடித்திருந்தால், வழக்கமாக அது ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தது. தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபெல் குறையும். 10 மீற்றரில் 90. சித்தப்பா வீட்டு முற்றத்துக்குப் போகும்போது 70. இது வெட்டைவெளிக் கணக்கு; மாமரமும் சுவரும் குறுக்கே நின்றால் இன்னும் இறங்கும். இரண்டு பேர் எதிரெதிரே இருந்து கதைக்கும் சத்தம் 60 அளவில் வரும். ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுப் படுத்திருக்கும் மனிதருக்கு, அடுத்த ஒழுங்கையில் பாண் விற்கும் முச்சக்கரவண்டியின் பாட்டு அளவுக்குத்தான் கேட்கும்.

கொழும்பில் வீடும் வீடும் சுவரோடு சுவர், அங்கே சைரன் மட்டும் போதும். வன்னியில் அது சரிவராது. இங்கே சைரன் கள்ளனுக்கு, தொலைபேசி அழைப்பு சித்தப்பாவுக்கு. ஆகவே சிம் போடும் பெட்டி கட்டாயம். முதல் எண் சித்தப்பா, இரண்டாவது அவருடைய மகன், மூன்றாவது நீங்கள். குறுஞ்செய்தி மட்டும் அனுப்பும் பெட்டியை வாங்க வேண்டாம். சாமத்தில் குறுஞ்செய்திக்கு யாரும் எழும்புவதில்லை. மணி அடிக்க வேண்டும்.

ஸ்காபரோ மருமகன்

மாமியார் தருமபுரத்தில் தனியே இருக்கிறார், அதனால் இந்தக் கதையில் எனக்கும் பங்குண்டு. வெளிநாட்டில் இருப்பவனால் என்ன பயன் என்று ஊரில் சிரித்தார்கள். ஆனால் அங்கே சாமம் இரண்டு மணி என்றால் கோடை காலத்தில் எனக்கு முதல்நாள் பின்னேரம் நாலரை. கள்ளன் வரும் நேரத்தில் எங்கள் குடும்பத்தில் உறுதியாக விழித்திருக்கும் ஒரே ஆள் நான்தான்.

ஒரு பிழை விட்டேன், சொல்லிவிடுகிறேன். 119 இருக்கிறதுதானே என்று நம்பியிருந்தேன். கனடாவில் இருந்து அடித்தால் அது இலங்கைப் பொலிஸாருக்குப் போகாது. உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் நேரடி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு பதிந்து வையுங்கள். அதற்கும் முதல், டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கக்கூடிய அயலவர் இருவரின் எண்கள்.

மல்லாவி அக்கா

சைரனைப் பற்றி ஒருவரும் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வருடம் எங்கள் வீட்டில் அலாரம் பூட்டினோம். பூட்ட வந்த பெடியனுக்கு இருபது வயது இருக்கும். வேலை முடிந்ததும் சோதித்துக் காட்டுகிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் சைரனை அடித்துவிட்டான். குசினியில் நின்ற அம்மா, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தியை இழுத்து அணைத்தபடி நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அவர் எழும்பவில்லை. நாங்கள் 2009இல் மாத்தளனில் இருந்து வெளியேறி வந்தவர்கள். அந்தப் பெடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

சைரனைக் கழற்றச் சொன்னேன். பிறகு யோசித்து வேறு மாதிரிச் செய்தோம். வீட்டுக்குள் இருந்த சிறிய சைரனை நிறுத்திவிட்டோம். பெரியது வெளியே, படலைப் பக்கம் பார்த்தபடி. அதுவும் கதவு திறந்து 30 விநாடி கழித்துத்தான் அடிக்கும். அதற்கு முதல் உள்ளே "டிக் டிக்" என்று மெல்லிய ஒலியும் ஒரு சிவப்பு வெளிச்சமும். அம்மாவுக்கு அது பழகிவிட்டது. வயதானவர்கள் இருக்கும் வீடென்றால், பூட்டும் ஆளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்கும்போது அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டு அடியுங்கள்.

முள்ளியவளையான்

அக்கா, நல்ல வேளை எழுதினீர்கள். எனக்கு இது மனதில் வரவே இல்லை. அம்மாவும் அதே வழியால் வந்தவர்தான்.

அக்கராயன் வயற்காரன்

எல்லோரும் முன்கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். எங்கள் பக்கம் கள்ளன் வீட்டுக்குள் வருவது அபூர்வம். அவனுக்கு வேண்டியது கிணற்றடியில் இருக்கிறது. என்னுடைய நீர்ப்பம்பி இரண்டு தரம் போயிருக்கிறது. இரண்டாவது முறை குழாயை வாளால் அரிந்து, மோட்டாரைச் சாக்கில் போட்டு, வேலியில் கதியால் இரண்டைப் பிடுங்கி வழி எடுத்துப் போனான். நாய் குரைத்தது. நாய் தினமும்தான் குரைக்கிறது.

இப்போது செய்திருப்பது சின்ன வேலை. ஒரு மெல்லிய இரட்டைக் கம்பி வீட்டில் இருந்து போய், பம்பியின் இரும்புக் கால்களுக்குள் ஓடித் திரும்பி வருகிறது. சுற்று முழுதாக இருக்கும்வரை பெட்டி பேசாமல் இருக்கும். கம்பியை அறுத்தால், கழற்றினால், இழுத்தால் அடிக்கும். சென்சர் விலை இல்லை, பற்றரி மாற்றும் வேலை இல்லை. இடிமின்னலுக்கு மட்டும்தான் பயம்.

வயரிங் வாத்தியார்

அண்ணை சொல்வது அலாரத்தின் மூத்த தந்திரம். அறுந்தால் அடிக்க வேண்டும், அறுந்தால் பேசாமல் இருக்கக் கூடாது. எந்த வயர் அலாரத்திலும் இதைக் கேட்டு வாங்குங்கள். கம்பியைக் குறுக்கே இணைத்து ஏமாற்றுபவனையும் பிடிக்க, கம்பியின் கடைசி முனையில் ஒரு சிறு மின்தடையைப் பொருத்துவோம். அதைப் பெட்டிக்குள் பொருத்திவிட்டுப் போகும் சோம்பேறிகளும் உண்டு. வேலை முடிந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள்.

மின்னலும் உண்மை. சித்திரை மழையிலும் ஐப்பசி மழையிலும் வெளியே நீளமாக ஓடும் கம்பி இடியை வீட்டுக்குள் அழைத்து வரும். மின்னெழுச்சிப் பாதுகாப்பும் ஒழுங்கான நிலத்தொடுப்பும் இல்லாமல் கிணற்றடிக்குக் கம்பி இழுக்க வேண்டாம்.

புதுப் பெடியன்

இவ்வளவு செலவு ஏன்? வேலிக் கம்பியில் இரவில் கரண்ட் கொடுத்துவிட்டால் ஒருவனும் கிட்ட வரமாட்டான். எங்கள் ஊரில் பன்றிக்கு அப்படிச் செய்கிறார்கள்.

அக்கராயன் வயற்காரன்

தம்பி, அந்தக் கதையை இத்தோடு விடுங்கள். 230 வோல்ட்டை வேலியில் விடுவது கொலை. பன்றிக்கு வைத்த கம்பியில் வைத்தவனே செத்த வீடுகளுக்குப் போய் வந்தவன் நான். விடியப்புறம் மாட்டைத் தேடி வரும் பிள்ளை தொட்டால் என்ன செய்வீர்கள்? சட்டமும் விடாது. யானை வேலி வேறு: அதற்கென்று செய்த கருவி நொடிக்கொரு தரம், கண நேரம் மட்டும் அதிர்வு கொடுக்கும். பிடித்த கையை விட முடியும். வீட்டுக் கரண்ட் பிடித்த கையை விடாது.

நெடுங்கேணிக்காரன்

யானை என்றதும் என் கதை. வெளிப்புறத்துக்கு அகச்சிவப்புக் கதிர் பூட்டினேன். இரண்டு தூண், ஒன்றில் இருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத கதிர். குறுக்கே போனால் சைரன். முதல் மாதத்தில் மாடு, மயில், குரங்கு எல்லாம் வந்து கணக்கில் பதிந்துவிட்டுப் போயின. வேலி ஓரத்துச் செடி வளர்ந்து கதிரை மறைத்தது, சிலந்தி வலை கட்டியது. ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு அடித்தது. இதுவும் மயில்தான் என்று டோர்ச்சோடு கதவைத் திறந்தால், களஞ்சியத்துச் சுவரோடு யானை. நெல் வாசத்துக்கு வந்திருக்கிறது. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், கதவைச் சாத்தியது நானா மனைவியா என்று இன்றுவரை தெரியாது.

ஆகவே அலாரம் அடித்தால் கதவைத் திறக்காதீர்கள். வெளி விளக்கின் ஆளி படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். விளக்கைப் போட்டு ஜன்னலால் பார்த்த பிறகு மற்றது. கள்ளனுக்கும் இதே விதிதான்.

பரந்தன் சந்தி

கரண்ட் பற்றி யாரும் பேசவில்லையே. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது. கடையில் நான் வைத்திருந்தது வைஃபையில் ஓடும் அலாரம். அலாரத்துக்குப் பற்றரி இருந்தது, ரௌட்டருக்கு இல்லை. அது யாரிடம் போய்ச் சொல்லும்? பெட்டியில் ஒரு சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று, சிம். காசு போடாமல் விட்டேன், மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. தேவைப்பட்ட நாளில் எண் செத்துக் கிடந்தது. இப்போது ஒவ்வொரு பறுவத்துக்கும் கடை பூட்டும் முன் அலாரத்தை ஒருமுறை வேண்டுமென்றே அடிக்க விட்டு, என் தொலைபேசிக்கு அழைப்பு வருகிறதா என்று பார்க்கிறேன்.

வயரிங் வாத்தியார்

12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி போடும் பெட்டியாகப் பாருங்கள். பெட்டியும் சென்சர்களும் சும்மா நிற்கும்போது 150 மில்லி அம்பியர் குடித்தால் கணக்கின்படி 46 மணித்தியாலம். பழைய பற்றரி, வெக்கை எல்லாம் கழித்துப் பாதி என்று வைத்தாலும் ஓர் இரவும் பகலும் தாங்கும். கையடக்கமான வெள்ளைப் பெட்டிகளுக்குள் இருக்கும் சிறிய பற்றரிகள் பலவும் எட்டு மணித்தியாலம் போவதே பெரிய காரியம். தகரத்துக்குக் கீழே வைத்த பற்றரி மூன்று வருடத்திலேயே ஊதிவிடும், குளிர்ந்த அறையில் வையுங்கள்.

வயர் இல்லாதது வாங்குவதாக இருந்தால் ஒரு கேள்வி. 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் மலிவுச் சாமான்கள் பலவற்றில் ரிமோட் ஒரே குறியீட்டைத்தான் ஒவ்வொரு முறையும் அனுப்பும். அதைப் பிடித்து நகலெடுக்கும் கருவி சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீடு மாறும் வகையா என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் வேறு கடை. உள்ளூர்க் கள்ளன் இவ்வளவு மினைக்கெடமாட்டான் என்பது வேறு கதை.

பொய் அலாரம்தான் பெரிய எதிரி. மூன்று முறை வீணாக அடித்தால் நான்காவது முறை சித்தப்பா வரமாட்டார். அசைவுச் சென்சர் உடம்புச் சூட்டைப் பார்க்கிறது. அதன் வெள்ளை முகத்தில் பல்லி ஊர்ந்தால் அதற்கு அது ஆனை. சென்சரின் பின்பக்கத்து ஓட்டைகளைச் சிலிக்கனால் அடையுங்கள். பல்லியும் எறும்பும் அதனால்தான் உள்ளே போகின்றன. ஜன்னலைப் பார்த்துப் பூட்ட வேண்டாம். ஏழு, எட்டு அடி உயரத்தில் மூலையில் வையுங்கள். ஆள் அதற்கு நேரே வருவதைவிடக் குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும். தகரக் கூரை வீட்டில் ஆவணி மத்தியானம் அறையே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அப்போது அதற்குப் பாதிக் கண்தான். பகலில் அதை நம்ப வேண்டாம், கதவுச் சென்சரை நம்புங்கள்.

கதவிலும் ஒரு பிரச்சினை. மாரியில் மரக்கதவு ஊதும், கோடையில் சுருங்கும். காந்தத்துக்கும் சென்சருக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் விட்டால் மார்கழியில் சாமத்தில் தானாக அடிக்கும். ஐந்து மில்லிமீற்றரில் பூட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்கு என் கணக்கு: முன், பின் கதவுகளுக்குக் காந்தம், நடு மண்டபத்தில் ஓர் அசைவுச் சென்சர். ஓட்டைப் பிரித்து இறங்குபவன் எந்த அறையில் இறங்கினாலும் அநேகமாக மண்டபத்தைக் கடந்துதான் அலுமாரிக்குப் போக வேண்டும். அம்மாவின் கட்டிலோடு ஓர் அவசரப் பொத்தான். மிச்சக் காசுக்குப் பின்கதவை மாற்றுங்கள். உள்பக்கம் நல்ல இரும்புத் தாழ்ப்பாள் போட்ட முதிரைக் கதவு, கள்ளன் நிற்கும் நேரத்தைக் கூட்டும். அலாரத்துக்குத் தேவை அந்த நேரம்தான்.

முள்ளியவளையான்

பூட்டிவிட்டோம். மொத்தம் 52,000 ரூபா, பின்கதவு வேறு கணக்கு. சைரன் படலையைப் பார்க்கிறது, உள்ளே மெல்லிய ஒலி மட்டும். அம்மாவை விறாந்தையில் இருத்தி, சொல்லிவிட்டுத்தான் அடித்தோம். காதைப் பொத்திக்கொண்டு, "போதும், கேட்கிறது" என்றார்.

முதல் கிழமையில் மூன்று தரம் அடித்தது. மூன்றும் அப்பா. மலசலகூடம் வெளியே கிணற்றடிப் பக்கம். சாமத்தில் எழும்புகிறார், பின்கதவைத் திறக்கிறார், 30 விநாடியில் சைரன். சித்தப்பா மூன்று தரமும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். மூன்றாம் தரம் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "அண்ணை, அடுத்த முறை எனக்கும் சொல்லிவிட்டுப் போங்கோ" என்று சொன்னாராம்.

ரிமோட்டை எங்கே வைத்தாலும் அப்பா மறந்துவிடுகிறார். பின்கதவுச் சென்சரை இரவில் நிறுத்தினால் பூட்டியதில் பயன் இல்லை. என்ன செய்யலாம்?

மல்லாவி அக்கா

வெளியே போகும்போது உங்கள் அப்பா கட்டாயம் கையில் எடுக்கும் சாமான் எது?

முள்ளியவளையான்

டோர்ச் லைட். அது இல்லாமல் முற்றத்தில் இறங்கமாட்டார், பாம்புப் பயம்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். ரிமோட்டை டோர்ச்சின் கழுத்தில் வைத்துத் தூண்டில் நரம்பால் சுற்றிக் கட்டிவிட்டார். நேற்றிரவு அப்பா எழும்பிய நேரம் தொலைபேசி அடிக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து படுக்கும்போது மறுபடி அழுத்த மறந்துவிட்டாராம். விடியும்வரை அலாரம் நிறுத்தத்திலேயே கிடந்திருக்கிறது.

வயரிங் வாத்தியார்

அதற்கு வழி இருக்கலாம் தம்பி. கதவு மூடி ஐந்து நிமிடத்தில் தானாகத் திரும்ப இயங்கும்படி சில பெட்டிகளில் அமைக்கலாம். எந்தப் பெட்டி என்று ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.